பாட்டல்ல, பாடு

அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பாட்டுப் பாடவில்லை. பாடினார்கள் என்று அச்சடித்தது பொய். அந்தப் பொய்யைக் காரணம் காட்டி உங்கள் சனிக்கிழமை வகுப்பை மூடியது அநியாயம். இந்த இரண்டையும் முதலில் எழுதிவிடுகிறேன் அம்மா. மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் தொண்டு செய்த அமைப்பின் ஆண்டுப் புத்தகம் இன்று காலை வந்தது. பக்கத்து வீட்டுச் சந்தியாதான் எடுத்து வந்தாள். பிரித்ததும் புது மையின் வாசனை. உங்கள் பையைத் திறக்கும்போது பாடத்தாள்களிலிருந்து வருமே, அதே வாசனை. கொஞ்ச நேரம் என்னால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊருக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் விற்பனைப் போட்டியில் நேரத்தைப் பாட்டுப் பாடிக் கழித்தார்களாம். போட்டி மனப்பான்மை இல்லையாம். ஆகவே பயிற்சி நிறுத்தப்படுகிறதாம். உங்கள் பெயரைத் தேடினேன். இல்லை.

"இன்னா தாத்தா இது? நாங்க எப்ப பாடனோம்?" என்றாள் சந்தியா.

நீங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி இந்த ஏரிக்கரைக்கு வந்தீர்கள். ஊர்க்கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, வேலை தேடவும் கடை போடவும் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் பின்னால் உட்கார்ந்தது படிக்க அல்ல, உங்களிடம் குற்றம் கண்டுபிடிக்க. பள்ளிக்கூடம் போகாமல், சாமான் கட்டிவந்த செய்தித்தாளைப் பிரித்துப் பிரித்து எழுத்துப் படித்தவன் நான். சொல்லிக்கொடுக்க என்று யார் வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

வேலைக்கு நேர்காணல் எப்படி இருக்கும் என்று நடத்திக் காட்டினீர்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதற்கு ஒரு பையன் எழுந்து, "வலை சிக்கு எடுப்பேன் மிஸ்" என்றான். கூடமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "அதை எழுதுப்பா. முதல் வரியிலயே எழுது" என்றீர்கள். அன்றைக்குத்தான் என் பாயைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன்.

அதற்காகச் சண்டையை விடவில்லை. கடை போடுவதென்றால் நல்ல இடத்தை முந்திப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் குறுக்கே பேசினேன். "எங்க ஏரியில அப்படிப் புடிச்சா மண்டை உடையும்மா." ஏரியில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல மீன் படாது. அதனால் ஊர் கூடிப் பானையில் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்று முறை பிரிப்போம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு நல்ல இடம் எனக்கு என்றால் நாளைக்கு இன்னொருவனுக்கு.

"இது பாடத்துல இல்லையே ஐயா."

"பாடத்துல ஏரியுந்தான் இல்ல."

உதட்டைக் கடித்துக்கொண்டு அதை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

விற்பனைப் போட்டி டவுன் பள்ளி மைதானத்தில் நடந்தது. நம் பிள்ளைகள் மூன்று குழு: இறால் ஊறுகாய், கருவாடு, கிளிஞ்சல் மாலை. வாசல் கேட்டுக்கு எதிரில் இருந்த இடத்தில் கூட்டம் அள்ளியது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காக்கைதான் வந்தது. பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை. சீட்டுப் போட்டார்கள். மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டார்கள். மதிப்பெண் போட வந்த நடுவர் சந்தியாவை நிறுத்தினார்.

"ஏம்மா, நல்லா வித்துட்டிருந்த இடத்தை விட்டுட்டு எங்க போறீங்க?"

"அவங்க பாடு வந்துடுச்சி சார்."

"பாட்டா? இப்ப எதுக்கு பாட்டு?"

"பாட்டு இல்ல சார், பாடு!"

"பாடறதெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம்மா" என்று சொல்லி, ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர் எழுதியதை அங்கேயே பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். நாம் சிரித்துக்கொண்டு நின்றோம்.

வகுப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நீங்கள் இரண்டு கடிதம் போட்டீர்கள். பதில் இல்லை. அந்தக் கடைசிச் சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் உங்களிடம் எரிந்து விழுந்தேன். "உங்க ஆளுங்களுக்குக் காது கேக்காதா? நீங்களும் அந்த ஆளுங்கதானே!" நீங்கள் கோபப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஐயா, ஏரியில பாடு பிரிக்கப் போடற சீட்டுல ஒரு பொண்ணு பேராவது இருக்கா? சந்தியா கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியல."

"பஸ் வருது" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் பிள்ளைகள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். பிறகு உங்கள் மகள் போன் செய்தார். காய்ச்சலாம், நான்கே நாளாம். எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு மாலை போடக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அமைப்பு அந்த வரியை அடித்துவிட்டு, பாடு என்றால் என்ன என்று விளக்கி, உங்கள் பெயரோடு மறுபடி அச்சடிக்க வேண்டும். அந்த நடுவர் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சீட்டுப் போடுவதைப் பார்க்க வேண்டும். புரியாவிட்டால் கேட்க வேண்டும், கேட்டதற்கு அப்புறம் எழுத வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சனிக்கிழமைகளில் கூடத்தைப் பிள்ளைகளுக்கு விட வேண்டும். யாராவது வருவார்கள் என்று காத்திராமல், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை ஏரிக்குச் சீட்டுப் போடும்போது, சந்தியாவின் பெயரை என் கையால் எழுதிப் பானைக்குள் போட வேண்டும். எடுத்து எறிவார்கள். மறுபடி எழுதிப் போட வேண்டும்.