செல்லி பெயரில் நின்ற புரோகிராம்

வியாழன்.

நர்ஸ் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்ததில் வெள்ளிமலைச் செல்லியின் பெயரைக் கம்ப்யூட்டர் தாண்டவே இல்லை. புரோகிராம் எழுதிய ரஹீமே இன்று கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் சென்டரில் ஒப்புக்கொண்டார். இனிஷியல் காலியாக இருந்தால் பெயர்கள் முடிந்தன என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் அங்கேயே நின்றுவிடுமாம். மலையில் பலருக்கு இனிஷியலே கிடையாது. செல்லியோடு பட்டியலில் அவளுக்குப் பின்னால் இருந்த மலைப் பெண்கள் அத்தனை பேரும் விடுபட்டார்கள்.

"தெரியாம ஆய்டுச்சு சார். காலின்னா முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கினு எழுதிட்டேன்."

"மலைப் பேரையெல்லாம் கடைசியில வெக்கச் சொன்னது யாரு?"

"சென்டர் ஓனருங்க."

"ஏன்?"

"இன்னா சார், என் வேலைக்கே வேட்டு வெக்கிறீங்க!"

ரஹீமின் தவற்றை நம்புகிறேன். அந்த வரிசை தற்செயல் என்று நம்பவில்லை. இடஒதுக்கீட்டுச் சாலை மறியலைக் காரணம் சொல்லி ஓனர் ஊருக்குப் போய்விட்டார். அவர் திங்கட்கிழமை வந்ததும் புரோகிராமை மறுபடி ஓட்டுவார்களாம். பயிற்சி சனிக்கிழமையே தொடங்குகிறது.