ஒட்டாத புரதம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அனுப்பு என்று அவளே வாயைத் திறந்து காட்டிய போட்டோ இத்துடன் இருக்கிறது. மீதியைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இமெயிலில் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

புது மருந்து கொடுத்தும் செல்கள் சாகவில்லை, நான் அனுப்பிய புரதம் ஒன்றின்மேலும் ஒட்டவில்லை, பச்சை ஒளியே இல்லை என்று நேற்று தலைகால் புரியாமல் எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இந்த மருந்து பத்திரமானது என்று சொல்லப் போகிறீர்களாம். சொல்லாதீர்கள். கோளாறு என் குப்பியில் இருக்கிறது.

சாகிற செல்லின் மேல்சவ்வில் அந்தப் புரதம் ஒட்டிப் பச்சையாக ஒளிரக் கால்சியம் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாக்டீரியாவில் வளர்த்த புரதத்தைப் பிரித்தெடுக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனத்தை ஊற்றுகிறோம். பிறகு சவ்வுப் பையில் கட்டி உப்பு நீரில் ஊறப்போட்டு, மூன்று முறை நீரை மாற்றி அந்த ரசாயனத்தை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் செல்களுக்குப் போடும் கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு வரும்போதுதான் உங்கள் போன மாதக் கடிதம் வந்தது.

ஒரே பக்கத்தில் ஏழு முறை உங்கள் லேபில் இருக்கும் அந்த மைக்ரோஸ்கோப் அம்மணி. அவள் சொல்லிக்கொடுத்தாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள், தன்னிடம் உள்ள புரதத்தையே தருகிறேன் என்றாள். மகளைப் பற்றி ஒரு வரி. எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் ஒரே மேஜையில் வேலை செய்தோமே, என்னைப் பற்றி யாருக்காவது அப்படி ஒரு பக்கம் எழுதியிருப்பீர்களா?

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. பையை உப்பு நீரில் போடவே இல்லை. அப்படியே குப்பிகளில் அடைத்து, மூன்று முறை மாற்றியது என்று லேபிளும் ஒட்டினேன். புரதம் ஒட்டாமல் போனால் திணறுவீர்கள், எனக்குப் போன் செய்வீர்கள், நான் அலட்டிக்கொள்ளாமல் வழி சொல்வேன், அம்மணி வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். சாவது நிச்சயமான செல்களில் முதலில் போட்டுப் பார்க்காமல் யார் குப்பியையும் நீங்கள் நம்ப மாட்டீர்களே. "நீ செஞ்சது, அதை எதுக்குத் தனியா சோதிக்கணும்னு விட்டுட்டேன்" என்று நேற்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புதிதாகச் செய்து அனுப்ப நாள் இல்லை. அம்மணியிடமே கேட்டு வாங்குங்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இருக்கிறது, ஆனாலும் பார்க்கட்டும். குப்பி ஏன் கெட்டது என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் எதையாவது மூடி மறைக்கப் போய் உங்கள் பெயர் கெட வேண்டாம்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இனி நான் அனுப்பும் எதையும் சோதிக்காமல் தொடாதீர்கள். என்றைக்காவது மறுபடியும் சோதிக்காமல் தொட்டால், அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி