ஒரு மெய்யும் மூன்று பொய்யும்

தென்திருப்பேரை
3-2-1974

அன்பு நண்பன் சூசைக்கு,

மகரநெடுங்குழைக்காதன் திருவருளால் நலம். நம் மருத்துவக் கல்லூரியில் கட்டுரைத் தேர்வை விடுத்து, கேள்விக்கு நான்கு விடை கொடுத்துச் சரியானதைக் குறிக்கச் சொல்லும் புதுமுறையைக் கொண்டுவரப் போகிறாய் என்றும், குழந்தை மருத்துவத்தில் இருபது கேள்வி வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஓய்வுபெற்ற அடியேனை நினைத்தமைக்கு நன்றி.

ஆனால் ஒரு மெய்க்கு மூன்று பொய் என்றால் இருபது கேள்விக்கு அறுபது பொய்யாகிறது. பாசுரம் சேவிக்கும் வாயும் பொய் எழுதும் கையும் ஓருடலில் பொருந்தா. ஆகவே நான்கு விடைகளையும் மெய்யாகவே அமைத்துள்ளேன். மாணவர் எதைத் தொட்டாலும் உண்மையே கிட்டும்.

அன்புடன்,
ராஜகோபாலன்

தூத்துக்குடி
8-2-1974

ஏலே ராசகோபாலா,

நீ அனுப்பிய தாளைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாடக்கண்ணு எழுதினாலும் நூற்றுக்கு நூறு வாங்குவான்.

விளையாட்டில்லை. சாத்தான்குளத்துத் தேவகனியை உனக்குத் தெரியும். வார்டில் நம்மைவிட நன்றாகப் பார்க்கிறாள்; ஆங்கிலத்தில் கட்டுரை என்றால் கை நின்றுபோகிறது. இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவதும் போனால் படிப்பே போயிற்று. அவளைப் போன்றவர்களுக்காகத்தான் கல்லூரி முதல்வரோடு மல்லுக்கு நின்றேன். "கேள்வி உருப்படியா வரலைன்னா பழைய கட்டுரைதான் வேய்" என்று சொல்லிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

பொய் எழுதுலே. உனக்கும் சேர்த்து நானே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறேன்.

சூசை

தென்திருப்பேரை
12-2-1974

நண்பா,

அந்தப் பெண்ணை முன்னிட்டுப் பாவம் சுமக்கத் துணிந்தேன். அறுபது பொய்களும் இத்துடன் வருகின்றன. மாதிரிக்கு ஒன்று: மாலைக்கண் எதன் குறைவால் வருகிறது? (1) கீரை, மீனெண்ணெய் முதலியவற்றில் நிறைந்துள்ள வைட்டமின் ஏ; (2) உப்பு; (3) சோப்பு; (4) ஒழுக்கம்.

மெய்யை எங்கும் முதலிடத்தில் வைத்துள்ளேன். கோயிலில் தீர்த்தம் வழங்குவதற்கே வரிசை உண்டு. பொய்க்குப் பின்னால் மெய்யை நிறுத்த மனம் ஒப்பவில்லை.

ராஜகோபாலன்

தூத்துக்குடி
16-2-1974

ஏலே,

தட்டச்சு செய்த அமலோற்பவம், வைத்தியம் ஒன்றும் படிக்காதவள், இருபதுக்கு இருபது வாங்கிவிட்டாள். "எப்படிளா?" என்றேன்.

"முதல்ல இருக்கதப் போட்டேன் சார். அதுதான் நீளமாவும் இருக்கு. சோப்பு கொறஞ்சா கண்ணு தெரியாதுன்னு எவன் சார் நம்புவான்?"

பொய்யை அரைகுறையாகப் படித்தவன் நம்ப வேண்டும். நன்றாகப் படித்தவன் தள்ள வேண்டும். நீ எதையும் புனைய வேண்டாம். பழைய விடைத்தாள் கட்டு ஒன்றை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் மெய்யென்று நம்பி எழுதிய தப்பெல்லாம் அதில் கிடக்கிறது. எடுத்தெழுது, பாவம் ஒட்டாது. மெய்யையும் இடம் மாற்றி மாற்றி உட்கார வை.

சூசை

தென்திருப்பேரை
22-2-1974

அன்புள்ள சூசை,

இருபது கேள்விகளும் இத்துடன் வருகின்றன. பிள்ளைகள் மனமறிந்து பொய் சொன்னவர்கள் அல்லர். ஆதலால் பெயர்த்தெழுதக் கை கூசவில்லை, கடைசிக் கேள்விவரை.

வயிற்றுப்போக்கால் நா வறண்ட, ஆனால் குடிக்கக்கூடிய குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன? ஐம்பது தாள்களில் ஒரே விடை: 'ஒரு நாள் பட்டினி போட்டு வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.' எல்லோரும் ஒருவனைப் பார்த்து எழுதினார்களோ என்று சினந்தேன். அந்த ஒருவன் அடியேன்தான். வகுப்பில் ஆண்டுதோறும் அதையே சொன்னேன். எழுதியவர்க்கெல்லாம் முழு மதிப்பெண்ணும் இட்டேன்.

தேவகனியின் தாள் மட்டும் வேறு. உடைந்த ஆங்கிலத்தில், 'உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், சிறிது சிறிதாக, உடனே. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.' அதன்மேல் என் கையால் ஒரு சுழி. உறை பிரிக்காமல் கிடந்த மருத்துவ இதழ்களை நேற்றுத்தான் பிரித்தேன். அவள் எழுதியதே மெய். அந்தப் பத்து மதிப்பெண் இருந்திருந்தால் முதல் முறையே தேறியிருப்பாள்.

தவறு என்னுடையது, அவளைத் தேர்ச்சி பெற்றவளாக அறிவிக்க வேண்டும் என்று முதல்வருக்கு இன்று பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். இனி அவள் இத்தேர்வை எழுத வேண்டியதில்லை. ஆகவே, அச்சுக்குப் போகுமுன் இந்த இருபதையும் அவளிடம் கொடுத்துத் திருத்தச் சொல். வேறு எவற்றையெல்லாம் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன் என்றும் கேட்டு எழுது. சினம் கொள்ளாதிருக்க முயல்கிறேன்.

உன்,
ராஜகோபாலன்