வெள்ளை அடிக்காத மாடம்

நாலந்தா,
மாத்தளை மாவட்டம்.

அன்புத் தங்கச்சி கமலாட்சிக்கு,

பாண் வாங்க விடியமுதல் வரிசையில் நின்ற வருஷம். மரவள்ளிக்கிழங்கு தின்றே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வயிறு ஊதிய வருஷம். கலேவெலயிலிருந்து ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தாலும் பொலிஸ் மறித்த வருஷம். அந்த வருஷத்தில்தான் நீங்கள் இந்தியாவுக்குப் போக மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினீர்கள். வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் உனக்கு விளங்கும்.

நான் மஹ்ரூப். உங்கள் வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீனுடைய மகன். அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், முழங்கால் வலி, மற்றப்படி குறையில்லை. எழுத்து அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் சொல்ல மருமகள் றுஸைனா எழுதுகிறாள். என் மகன் அக்ரமின் பெண்சாதி அவள். அவள் கையால் இதை எழுதவைப்பது சரியில்லைதான். ஆனாலும் வெளியாள் ஒருவரிடம் இதைச் சொல்ல எனக்கு முகமில்லை.

மாத்தளையில் கடை வைத்திருக்கும் சசிக்குமார் கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து உன் விலாசத்தைத் தந்தார். உன் அப்பா நாகமுத்து, அம்மா, அண்ணன் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். நீ தேயிலை பறித்து ஓய்ந்து, மகள் வீட்டில் இருக்கிறாயாம். இங்கே என் பெண்சாதி மஸூதாவும் மௌத்தாகிவிட்டாள். அவளை உனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு உங்கள் வீட்டில் ஒவ்வொரு சுவரும் தெரியும்.

ஏனென்றால் நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

நீங்கள் புறப்பட்ட காலை உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா முன்னறையில் கிழக்குச் சுவர் மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு, அது எரிய எரிய வெளியே வந்தார். உன் அப்பா சாவியை என் வாப்பாவின் கையில் வைத்துச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நானா, இது வித்ததில்ல. நம்பிக் குடுக்கிறது, ஒங்க பாஷையில சொன்னா அமானிதம். வந்தா வீட்டக் குடுங்க. வராட்டி எங்க பேரையாச்சும் வச்சிருங்க."

வாப்பா அதை மறக்கவில்லை. எங்களிடம் சொன்னார்: ஓடு மாற்றுங்கள், சுவர் பூசுங்கள், அந்த மாடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது அவர்களுடையது. நோன்புக்கு முதல் வருஷாவருஷம் வீடு வெள்ளை அடிப்போம். மஸூதாவின் சுண்ணாம்புத் தும்புக்கட்டை அந்த மாடத்தைச் சுற்றிப் போகுமே தவிர உள்ளே போகாது. உன் அம்மாவின் விளக்குக் கரி அப்படியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் பிரதேச சபைக்காரர் வந்தார்கள். ரோட்டோரத்துப் பழைய வீடுகளில் ஒன்றை மரபுரிமை வீடு என்று அறிவித்து, மூன்று பாஷையிலும் பலகை போடப் போகிறார்களாம். அக்ரமுக்குத் தலைகால் புரியவில்லை. நாலந்தா கெடிகே கற்கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கித் தேத்தண்ணீர் குடிப்பார்கள், இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டான். மாட்டு முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்குக் கொண்டுபோன எங்கள் மூத்தவர் ஒருவர் இந்த வீட்டைக் கட்டினார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். அப்படி மாடு ஓட்டிய மூத்தவர்கள் எங்களுக்கு இருந்தது உண்மை. இந்த வீட்டில் அவர்கள் ஒரு கல்கூட வைத்ததில்லை.

பலகை போடுவதற்கு முன் வீட்டு முற்றத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சபைத் தலைவர் வந்தார், பள்ளிவாசல் ஆட்கள், பன்சலையிலிருந்து பிக்கு ஹாமுதுரு, ஊர்ச்சனம் எல்லாம் வந்தது. எழுதிக்கொள்ள வந்த பிள்ளையின் பேர் தினுஷா. சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசும், தாத்தாவைக் கூப்பிடுவதுபோல் என்னைச் சீயா என்று கூப்பிட்டது. இந்தப் பக்கத்தில் பழைய கதைக்கு மஹ்ரூப் நானாவை விட்டால் ஆளில்லை என்று தலைவர் சொல்லி, என்னை நடுவில் கதிரை போட்டு உட்காரவைத்தார். தோளில் ஒரு சால்வையும் போட்டார்கள்.

தினுஷா மாடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தது. விரல் கறுப்பாக வந்தது. வீடு முழுக்க வெள்ளையாயிருக்க இது மட்டும் ஏன் இப்படி, இது என்ன இடம் என்று கேட்டது. அக்ரம் என்னைப் பார்த்தான். ஊரே என்னைப் பார்த்தது.

நான் சொன்னேன்: "கரண்ட் வர முந்தி எங்க உம்மா போத்தல் லாம்பு வைச்ச இடம் மகள்."

கை தட்டினார்கள். தினுஷா எழுதிக்கொண்டது.

தங்கச்சி, உன் பூட்டன் முத்தையன் கங்காணி கட்டிய வீடு அது. மன்னாரில் கப்பல் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் பெண்சாதியையும் ஒரு பிள்ளையையும் புதைத்துவிட்டு வந்த மனிதர். தனக்குப் பிறகு நடந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான் ரோட்டோரம் பார்த்துக் கட்டினார். வந்த இடத்தில் செத்தவர்களைப் பின்னால் பலாமரத்தடியில் அடக்கினார். இதையெல்லாம் உன் அப்பா எங்கள் கடை வாசலில் இருந்து சொல்லிக் கேட்டவன் நான். எல்லாம் தெரிந்த வாயால்தான் போத்தல் லாம்பு என்று சொன்னேன்.

மகனை ஊருக்கு முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்று சொன்னேன் என்று உனக்கு எழுதலாம். அது பாதிதான். எழுத்துத் தெரியாதவன் வாயைப் பார்த்துக்கொண்டு, படித்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. அது எனக்கு இனித்தது. நாங்கள் அமானிதத்தைக் காப்பாற்றியதால்தான் அந்தக் கரி மிஞ்சியது. அதைக் காட்டியே அமானிதத்தைத் தின்றுவிட்டேன்.

அந்தச் சால்வையை நான் இன்னும் மடிக்கவில்லை. கதிரையில் கிடக்கிறது.

இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்துப் பார்த்தேன். தொழுகையில் நின்றால் மாடம்தான் முன்னால் வந்தது. பிறகு பஸ் ஏறிச் சபைக் கந்தோருக்குப் போய்த் தினுஷாவிடம் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பாவம், தேத்தண்ணீர் வரவழைத்துத் தந்துவிட்டுக் கேட்டது: "சீயா, ரெண்டு கதையும் உங்க வாயிலதானே வந்திச்சு. நான் எதைப் போடுறது?"

அக்ரமிடமும் கேட்டிருக்கிறார்கள். வாப்பாவுக்கு வயது போய்விட்டது, இப்போது மறதி, ஆளுக்கொரு கதை சொல்கிறார் என்று அவன் சொல்லிவிட்டான். கடைத்தெருவில் இப்போது என்னைக் கண்டால், "என்ன நானா, இன்னைக்கு வீடு யார்ட?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். மறதி என்ற பேர் என் ஆயுளில் எனக்கு வந்ததில்லை. மகன் மேல் கோபப்படவும் வழியில்லை. அவனுக்கு நான்தானே முன்னால் பொய் சொல்லிக் காட்டினேன்.

இந்த இடத்தில் றுஸைனா பேனாவை நிறுத்திவிட்டாள். இதை அவர் பார்த்தால் என்ன ஆகும் மாமா என்றாள். வேண்டாமென்றால் விடு மகள் என்றேன். தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எழுதுறேன். யார் வீட்டுல சோறாக்குறேன்னு எனக்கே இன்னைக்குத்தானே தெரியும்."

ஹஜ் பெருநாள் கழிந்ததும் பலகையைச் சுவரில் பதிக்கப் போகிறார்கள். அதற்குள் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் எழுதியோ போனில் பேசியோ சொன்னால் நிறுத்தி வைப்பேன் என்று தினுஷா சொன்னது. அதன் போன் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் பூட்டன் பேரைச் சொல்லு. மாடத்தைச் சொல்லு. பலாமரத்தடியைச் சொல்லு. வீடும் வேண்டுமென்றால் அதையும் கேள், சாவி என்னிடம்தான் இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் பேரை வைக்கச் சொன்னார் உன் அப்பா. இன்னொரு பேர் ஏறுகிறதை நான் உயிரோடு இருந்து பார்க்க வைத்துவிடாதே.

உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்லாயிருக்க நான் துஆ கேட்கிறேன். என் துஆவை ஏற்றுக்கொள்வதும் விடுவதும் மேலே இருக்கிறவன் விருப்பம்.

சாவி கைமாறிய காலையில் அந்த வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். உன் அப்பா போய்விட்டார். உன் அம்மா, அண்ணன், என் வாப்பா, உங்கள் பெட்டிகளை ஏற்ற வந்த லொறிக்கார ஹஸீப், எல்லாரும் போய்விட்டார்கள். நானும் நின்றேன். ஆனால் பொய் சொன்னவனைச் சாட்சியில் சேர்க்க முடியாது. அப்படிப் பார்த்தால் உயிரோடு இருப்பது ஓராள்தான், நாகமுத்துவின் மகள் கமலாட்சி.