ஒன்றரைப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

பியானோ பாடநூலின் முதல் பாகம் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அச்சுக்குப் போகுமுன் இசைக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதினோரு ஆண்டுகளில் இப்படி வந்ததில்லை. ஏழு பிழைகளைத் தவறவிட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே வகை: சுரத்தின் பக்கத்தில் இருக்கவேண்டிய புள்ளி இல்லை. புள்ளி இருந்தால்தான் சுரம் ஒன்றரை மடங்கு நீளும். கம்ப்யூட்டர் திரையில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. கணக்குப்படி அங்கே புள்ளி வரவேண்டும் என்பதால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். “நினைத்தேன் என்பது பதில் ஆகாது” என்று கான்வென்ட்டில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

பதிப்பாசிரியர் தொலைபேசியில் தன்மையாகத்தான் பேசினார். “கண்ணுக்கு சிரமம் வேண்டாம் டீச்சர். ரெண்டாம் பாகத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?”

“பத்து நாள் பொறுங்க” என்றேன்.

மார்ச் 4

திரையில் சுரங்கள் உட்காரும் ஐந்து கோடுகளும் ஒரே தடிமனில் இல்லை. ஒன்று மெலிந்து, அடுத்தது வீங்கி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். திரையைத் துடைத்தேன். பக்கத்தைப் பெரிதாக்கினாலும் கலங்கல் போகவில்லை.

மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் மகனிடம் போகும். “போதும்மா, ரெஸ்ட் எடு” என்பான். என் வீட்டுக்காரர் போனபிறகு என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்ததே இந்த வேலைதான். ரெஸ்ட் எடுத்து— எடுத்து என்ன பண்ண?

மார்ச் 6

கண் மருத்துவர் நறுக்கென்று பேசும் பெண். அச்சிட்ட தாள் ஒன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு புள்ளி விடாமல் படித்துக் காட்டினேன்.

“காகிதத்துல தெரியுது, திரையில தெரியலன்னா, பாக்க வேண்டியது உங்க கண்ணை இல்லம்மா. கம்ப்யூட்டரை.”

சந்தோஷப்படுவதா, இது எனக்கே தோன்றவில்லையே என்று வெட்கப்படுவதா?

மார்ச் 7, சனி

யாரையும் கேட்கவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸை நானே தேடித் திறந்தேன். ரெசல்யூஷன்: 1280 × 720. திரையோடு வந்த கையேட்டிலோ 1920 × 1080. அதாவது, குறுக்கே 1920 புள்ளிகள் உள்ள திரையை 1280 போலக் காட்டச் சொல்லியிருக்கிறது. தாளில் வகுத்தேன். ஒன்றரை.

சிரித்துவிட்டேன். சுரத்தை ஒன்றரையாக நீட்டலாம். திரையின் புள்ளியை யார் பாதியாக வெட்டுவது? கோட்டுக்கு ஒன்றரைப் புள்ளி கொடு என்றால் அது பாவம் என்ன செய்யும்? பக்கத்துப் புள்ளியில் சாம்பல் நிறத்தை ஈஷி வைக்கிறது.

1920-க்கு மாற்றினேன். கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நின்றன. ஆனால் எல்லாம் எறும்பு அளவு.

இதை மாற்றியது யார்?

மார்ச் 8

மருமகள்தான்.

“திரைக்குள்ளயே முகத்தை வெச்சுட்டு இருந்தீங்க அத்தை. பெருசா தெரியட்டும்னு ஜனவரியில மாத்தினேன். கேட்டுட்டு செஞ்சிருக்கணும். ஆனா கேட்டா, எனக்குக் கண்ணு தெரியலங்கறியான்னு சண்டைக்கு வருவீங்க.”

“வந்திருப்பேன்” என்றேன். உண்மைதானே.

பிறகு ஏழு பிழைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. உடனே உட்கார்ந்து, ரெசல்யூஷனைத் தொடாமல் அளவை மட்டும் 150 சதவீதம் ஆக்கினாள். இப்போது எழுத்தும் சுரமும் இழுத்துப் பெரிதாக்கியவை அல்ல. கூடுதல் புள்ளிகளால் புதிதாக வரையப்பட்டவை. எங்கே அழுத்தினாள் என்பதை வரிசையாக எழுதிக்கொண்டேன்.

மார்ச் 9

முதல் பாகத்தை முழுக்க மறுபடி பார்த்தேன். எட்டாவது பிழை ஒன்று இருக்கிறது, இருபத்தாறாம் பக்கத்தில். பதிப்பகத்திலும் அது யார் கண்ணிலும் படவில்லை. ‘நான் தவறவிட்டவை ஏழு அல்ல, எட்டு’ என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 10

பதில் இல்லை.

மார்ச் 12, வியாழன்

காலையில் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். “அந்த எட்டாவதைத் திருத்த, அச்சுக்குப் போற நேரத்துல நிறுத்தினோம் டீச்சர்” என்றார். பதினொரு மணிக்கு இரண்டாம் பாகம் வந்தது. அறுபத்திரண்டு பக்கம்.

மாலைக்குள் பத்தொன்பது பக்கம் முடித்தேன். இதுவரை மூன்று பிழைகள். மூன்றும் தட்டச்சு செய்தவருடையவை.