உள்ளங்கையில் ஒரு சொட்டு

மார்ச் 3, செவ்வாய்
கண்ணாடிக் குழாய்களைக் கழுவும்போது கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. குழாயில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டு உள்ளங்கையில் பட்டுவிட்டது. இந்த ஆய்வகத்தில் உயிரில்லாத சாமான்களைச் சேர்த்து உயிர் மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். உலகத்தில் முதல் உயிர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமாம். என் கையில் பட்டது அதில் ஒரு சொட்டுதான். கழுவிவிட்டேன். ஆய்வை நடத்தும் மேடத்திடம் சொல்லவில்லை. பேச வாய் வந்தால்தானே? வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வராமல்தான் ஒன்பதாவதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டேன்.

மார்ச் 4, புதன்
மேடம் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். "பிரிஞ்சிருச்சுடி! ஒண்ணு ரெண்டாச்சு, என் கண்ணால பார்த்தேன்!"
என் கையில் பட்டதும் அதுதானே? ஒன்று இரண்டானால், இரண்டு நான்காகும். அந்த அளவுக்குக் கணக்கு எனக்கும் தெரியும்.

மார்ச் 5, வியாழன்
உள்ளங்கை அரிக்கிறது. நிஜமாகவா, நினைப்பா?

மார்ச் 7, சனி
தங்கைப் பாப்பா என் விரலைப் பிடித்தால்தான் தூங்குவாள். சில நேரம் வாயிலும் வைத்துக்கொள்வாள். அதனால் சமையலறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். தட்டும் டம்ளரும் தனி. கதவுக்கு அந்தப் பக்கம் அழுது அழுதே அவள் தூங்கிப்போனாள்.
"மகாராணிக்குத் தனி ரூம் கேக்குதோ? எவனாவது லெட்டர் குடுத்தானா?" என்றாள் அம்மா.
அப்படி இருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 8, ஞாயிறு
பாப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்குது.
என்னாலதான். நான்தான் கொண்டுவந்து ஒட்டிட்டேன். தனியா படுக்கிறதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கும். இப்ப அவளுக்குள்ள நாலாகி, எட்டாகி— ஐயோ.

மார்ச் 9, திங்கள்
மேடம் முன்னால் போய் நின்றேன். கையை மட்டும் நீட்டினேன்.
"என்னம்மா, ஜோசியம் பார்க்கணுமா?"
அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் சிரித்தார். பாப்பா காய்ச்சலைச் சொன்னதும் நாற்காலியை இழுத்து உட்கார வைத்தார்.
"அது கொழுப்புல செஞ்ச ஒரு குமிழிம்மா. உள்ள கொஞ்சம் சரக்கு, அவ்வளவுதான். நாங்க ஊட்டணும், நாங்க சூடு குடுக்கணும். நீ கை கழுவின தண்ணியிலயே வெடிச்சுப் போயிருக்கும். அது உன் கையில பொழைச்சிருந்தா நான் தெருவுல எறங்கி ஆடியிருப்பேன். குழந்தைய டாக்டர்கிட்ட காட்டு. கையுறை கிழிஞ்சா மட்டும் அப்பவே சொல்லிடு, சரியா?"

மார்ச் 11, புதன்
காய்ச்சல் விட்டுவிட்டது. சளிதான் என்றாராம் டாக்டர். என் விரல் இப்போது பாப்பாவின் வாயில். இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது.

மார்ச் 13, வெள்ளி
மதியம் கரண்ட் போய்விட்டது. மேடம் வெளியே போயிருந்தார். சூட்டுப்பெட்டி ஆறத் தொடங்கியது. உள்ளே ஒரே ஒரு குழாய், பிரிந்த அந்தக் குமிழிக் கூட்டம். நானே போன் செய்தேன்.
"மூடிய இறுக்கி, கைக்குள்ள பொத்தி வச்சுக்கோ. உடம்புச் சூடு போதும். வந்துட்டேன்."
புதுக் கையுறை மாட்டி, சொட்டு பட்ட அந்தக் கையிலேயே பொத்திக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயின. அன்றைக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். ஆறிப்போனால்? கை நழுவினால்?
கதவு திறந்ததுகூடத் தெரியவில்லை.
"யார்கிட்டம்மா பேசிட்டிருக்க?" என்றார் மேடம்.
செத்துடாதே, செத்துடாதே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவர் கையை நீட்டினார். எனக்கு உடனே கொடுக்க மனசு வரவில்லை.