ஒளிர்ந்த ஸ்லைடு

செம்பூர், மும்பை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாலதி அக்காவுக்கு,

நூர் நிஷா எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். சுரேந்திரன் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்குகிறதா, வலி குறைந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம்.

போனில் பேசியிருப்பேன். ஆனால் நான் கூப்பிட்டாலே அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேலி பேசத் தொடங்கிவிடுகிறார். இது அவர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய செய்தி இல்லை. அதனால் தாஹிரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் தம்பிக்குத் தமிழ் வாசிக்க வராது. கவரை ஒட்டக்கூட இல்லை.

லேபில் நம் முயல் மல்கோவா நன்றாக இருக்கிறது. உங்களைக் காணாமல், நான் கொடுக்கும் கொத்தமல்லித் தழையைத் தொட மாட்டேன் என்கிறது. அதன் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியைப் பற்றித்தான் எழுத வேண்டும். புற்றுநோய்ச் செல்களின் மேல் இருக்கும் அந்த ஒரு சர்க்கரையை மட்டும் பிடிக்கும் என்று நம்பினோமே, அது. மனைவியாக இல்லை, ஆராய்ச்சிக்காரியாகப் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் அண்ணனின் வயிற்றுக் கட்டி ஸ்லைடில் அதைப் போட்டீர்கள். அது பிடித்த இடமெல்லாம் ஒளிர்ந்ததும் அழுதுவிட்டீர்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து புது ஸ்லைடுகள் வந்தன. ஒன்று, நோயே இல்லாத வயிற்றுச் சதை. அதுவும் ஒளிர்ந்தது. ரத்தக் குழாயின் சுவர்கூட ஒளிர்ந்தது. எங்கெங்கோ தேடி, கடைசியில் ஸ்லைடுக்காரர்களின் ரத்த குரூப்பைக் கேட்டேன். ஒளிர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏ குரூப்.

ஏ குரூப்காரர்களின் செல்களிலும் ஒரு சர்க்கரை உண்டே, மல்கோவாவின் ரத்தத்தில் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் கலந்திருக்கிறது. தொடக்கத்தில் நாம் நம் இருவர் ரத்தத்தை வைத்துத்தான் சரிபார்த்தோம். நீங்களும் ஓ, நானும் ஓ; அந்த ஏ சர்க்கரை நம் இருவரிடமும் இல்லை. ஊசி குத்திக்கொள்ள வேறு ஆளைக் கூப்பிடக் கூச்சப்பட்டோம்.

ஏ குரூப் ரத்தச் செல்களோடு கலந்து அந்த வேண்டாததை நீக்கிவிட்டு, மறுபடி எல்லா ஸ்லைடுகளிலும் போட்டேன். சில இன்னும் ஒளிர்கின்றன. உங்கள் உழைப்பு வீணாகவில்லை. அண்ணனுடையது ஒளிரவில்லை. திரும்பச் செய்தும் ஒளிரவில்லை.

அவர் குரூப்பை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாஹிரின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர்தானே. கொடுத்துவிட்டு வந்து, இனி ஹிந்தி பேசினா என் ரத்தம் ஒத்துக்காதுலே என்று அவனை மிரட்டினார்.

அந்தப் புற்றுநோய்ச் சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் புது மருந்து. அதை நம்பித்தான் கீமோவைத் தள்ளிவைத்துவிட்டு ஊருக்குப் போனீர்கள். இனி காத்திருக்க வேண்டாம் அக்கா. டாக்டரைப் பார்த்தேன். உடனே வந்தால் தொடங்கலாம், இன்னும் தள்ளினால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வர மூன்று பேருக்கும் டிக்கெட் தாஹிரிடம் இருக்கிறது. அண்ணனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு நூர் நிஷாவுடையது என்று சொல்லிவிடுங்கள். வந்து என்னைத் திட்டட்டும்.

ஒவ்வொரு தொழுகையிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் துஆ கேட்கிறேன். கீமோவில் ரத்தம் குறைந்தால் யாரையும் தேடி அலைய வேண்டாம். தாஹிரும் ஏ தான்.

உங்கள் தங்கை,
நூர் நிஷா